ஸ்டெல்லா போட்ட இரண்டு கறுப்பு ஃபேன்கள்

செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. சிதம்பரம் மேல வீதியில் எங்கள் ஸ்டுடியோவைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பேத்தி நிவேதா ஃபோனும் கையுமாக உள்ளேயிருந்து வந்தாள்.

"ஆயா, கம்ப்யூட்டர் ஸ்டெல்லா அக்கா எறந்துட்டாங்களாம். நம்ம ஃபோட்டோகிராஃபர் குரூப்புல போட்டுருக்காங்க."

வாங்கிப் பார்த்தேன். அவள் படம், அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். முதல் கைகூப்பு யாருடையது என்று பார்த்தேன். "பொம்பள மாட்டுன மெஷின நம்பி யாரும் மண்டபத்துக்குப் போவாதீங்க" என்று இதே குரூப்பில் போன வருஷம் எழுதியவருடையது. வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அப்படியே படியில் கொட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

ஸ்டெல்லாவுக்கு நாற்பத்தொரு வயது. நான்கு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் இல்லை. கடலூர் முதுநகரில் வீடு, மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் மாட்டித் தரும் சின்னக் கடை. அந்தக் கடை இந்தத் தை மாதமே மூடிவிட்டது. ஏன் மூடியது என்று இந்தப் புத்தகத்தில் எழுதுகிற மற்றவர்கள் சொல்ல மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

முப்பதாம் நாள் ஜெபத்தில் கொடுக்கிற புத்தகத்துக்காக ஃபோட்டோகிராஃபர் சங்கத்திலிருந்து வந்து, "நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்கம்மா, பெரியவங்க நீங்க" என்று கேட்டார்கள். நல்ல வார்த்தைகள் அவர்களுக்கு நிறைய வந்திருக்கும். நடந்ததை எழுதித் தருகிறேன் என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப்பிழை இருந்தால் நிவேதா திருத்துவாள். விஷயத்தைத் திருத்தக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டெல்லா முதலில் எங்கள் கடைக்கு வந்தது ஒரு கத்திரி வெயில் நாளில். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிப் படமாக்கும் வேலையில் என் பேத்தியை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. இதை வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வேன். காமிராவுக்குப் பேட்டரி வாங்க வந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். ஸ்டெல்லாவிடமும் சொன்னேன். அவள் தோள்பையை இறக்கிவைத்துக்கொண்டே, "நல்லா சொல்லுங்கம்மா. ஆனா அவ வேலை செய்யற பொட்டிக்கு மூச்சு முட்டுது, வாசல்லயே கேக்குது. மொதல்ல அத பாப்போம்" என்றாள்.

அது பெரிய விலை கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர். அதன் மூளை சூடாகாமல் இருக்கத் தண்ணீர் கூலர் வைத்தது. மூளையின் மேல் ஒரு மூடி, மூடிக்குள் குட்டி பம்ப். பம்ப் தள்ளுகிற தண்ணீர் குழாய் வழியாக மேலே ஏறி, காரில் இருப்பது போன்ற ஒரு ரேடியேட்டருக்குள் ஓடி, ஃபேன் காற்றில் ஆறித் திரும்பி வரும். விற்றவர் அந்த ரேடியேட்டரில் கலர் கலராக எரியும் இரண்டு ஃபேன்களைப் போட்டிருந்தார். பெரிய வீடியோ ஓடும்போது குமராட்சி மினிபஸ் மேட்டில் ஏறுவது போலச் சத்தம் போடும். அவ்வளவு சத்தத்துக்கும் சூடு குறையவில்லை.

ஸ்டெல்லா திருப்புளியைக்கூட எடுக்கவில்லை. "ஒரு ஊதுவத்தி குடுங்கம்மா" என்றாள். சாமி மாடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கொளுத்தி ஃபேனுக்கு முன்னால் பிடித்தாள். புகை கலைந்து ஓடியது. ரேடியேட்டருக்கு அந்தப் பக்கம் பிடித்தாள். புகை ஆடாமல் அசையாமல் நேராக மேலே போனது.

"பாத்தீங்களா? காத்து இந்தப் பக்கமே சுத்திக்கிட்டு நிக்குது, அந்தச் சந்துக்குள்ள பூரல."

"ஏன் பூரல? இவ்ளோ வேகமா ஓடுதே."

"முறத்தால வீசறதும் ஊதுகுழலால ஊதறதும் ஒண்ணாம்மா? முறத்துல காத்து ஜாஸ்திதான். அடுப்புச் சாம்பலுக்குள்ள பூந்து நெருப்பப் புடிக்குமா? இது முறம். திறந்த எடத்துக்கு நல்லாருக்கும். தகடு நெருக்கமா இருக்கற எடத்துக்கு அழுத்தி ஊதறது வேணும்."

எனக்குப் புரிந்தது. கம்ப்யூட்டரைப் பற்றி என்னிடம் ஒருவர் பேசி எனக்குப் புரிந்தது அன்றுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் இரண்டு கறுப்பு ஃபேன்களோடு வந்தாள். இறக்கைகள் அகலமாக, இடைவெளி குறைவாக இருந்தன. விளக்கு இல்லை, பளபளப்பு இல்லை. நிவேதாவின் முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, கலர் லைட்டு எரியற மாதிரி இல்லையா? கஸ்டமர் வந்தா பாப்பாங்க."

"விளக்கு பாக்கணும்னா நடராஜர் கோயிலுக்கு அனுப்பு, பத்து தப்படிதான். இந்தப் பொட்டி காத்துக்குத்தான் ஏங்குது" என்றாள் ஸ்டெல்லா. நிவேதா சிரித்துவிட்டாள்.

ஃபேனை மாட்டியது அரை மணி நேரம். அதை அடக்க எடுத்துக்கொண்டது ஒரு மத்தியானம் முழுக்க. அதுவரை அந்த ஃபேன்கள் மூளையின் சூட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன. நிவேதா எதையாவது தொட்டால் சட்டென்று கத்தும், விட்டால் சட்டென்று அடங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலைவலி வரும். ஸ்டெல்லா அதைத் தண்ணீரின் சூட்டுக்கு மாற்றினாள். "மூளை சின்னப் புள்ள மாதிரிம்மா. தொட்டதுக்கெல்லாம் சூடாவும், ஒடனே ஆறிடும். தண்ணி நிதானமா ஏறும், நிதானமா எறங்கும். ஃபேன் தண்ணியக் கேட்டு ஓடட்டும்." திரையில் ஒரு கோடு போட்டாள். தண்ணீர் இவ்வளவு சூடானால் ஃபேன் இவ்வளவு வேகம் என்று கோடு மெல்ல மேலே ஏறியது. பம்ப் மட்டும் எப்போதும் முழு வேகம், அதைக் குறைக்கவே கூடாது என்றாள். ஒவ்வொரு ஃபேனுக்கும் தனித்தனி ஒயர் கொடுத்தாள். எது நின்றாலும் திரையில் சிவப்பு எழுத்து வரும்படி செய்து, கையால் ஒன்றை நிறுத்தியும் காட்டினாள்.

இவ்வளவையும் நிவேதாவிடம் சொன்னதைவிட என்னிடம்தான் அதிகம் சொன்னாள். "எனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்றேன்.

"நாள் பூரா இங்க உக்காந்துருக்கறது நீங்கதான. அவ காதுல எப்பவும் பாட்டு மாட்டிருக்கு. சத்தம் மாறுனா உங்களுக்குத்தான் மொதல்ல தெரியும். இப்ப ஓடறத நல்லா கேட்டு வச்சிக்குங்க. மாறுனா எனக்கு ஒரு ஃபோன் போடுங்க, அது போதும்."

கேட்டு வைத்துக்கொண்டேன். தூரத்தில் யாரோ நெல் தூற்றுவது போல ஒரு சத்தம், ஒரே சீராக.

போகும்போது ஒரு வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதி, பெட்டியின் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் கீழே ஒட்டினாள். "கதவைத் திறக்க வேண்டாம். திறக்கணும்னா என்னைக் கூப்பிடுங்கள். ஸ்டெல்லா." வெளியிலிருந்து படிக்கும்படி பெரிய எழுத்து.

அவளுக்கு இந்தத் தண்ணீர், காற்றுச் சமாச்சாரம் எல்லாம் எங்கே பிடிபட்டது என்று சிலருக்குத் தெரியாது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு சிப்காட்டில் ஒரு கம்பெனியில், கூலிங் டவர் பக்கம் ஆறு வருஷம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவள். கடலூர்க் கடை ஃபோட்டோகிராஃபர்களுக்கு ஒரு மாதிரி ஃபேன், சிதம்பரத்துக்கு ஒரு மாதிரி என்று பிரித்துத்தான் வாங்குவாள். கடலூர்க் காற்றில் உப்பு இருக்கிறது, சுற்றுகிற இடம் சீக்கிரம் கரகரக்கும் என்பாள். நம் ஆட்கள், "நம்பர் ஜாஸ்தியா ஓடற ஃபேனா பாத்துப் போடு" என்பார்கள். "வேகமா ஓடறதுக்கு எந்த ஃபேனும் ஓடும். எப்ப மெதுவா ஓடணும்னு அதுக்குச் சொல்லிக் குடுக்கறதுலதான் வேலையே இருக்கு" என்பாள். அவளுக்குப் பின்னால் அதை நடித்துக் காட்டிச் சிரித்தவர்களும் உண்டு. நான் பார்த்திருக்கிறேன்.

இனி எழுதப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

போன வருஷம் ஆயுத பூஜை அன்று நிவேதா ஒரு கல்யாண ஆர்டர் பேசுவதற்காகக் கடலூர் போயிருந்தாள். நான்தான் கடையைக் கழுவி, காமிரா, லைட்டு, ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தேன். கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்தேன். மனசு கேட்கவில்லை. உழைப்பது உள்ளே இருப்பதுதானே, அதற்கு வைக்காமல் வெறும் தகரத்துக்கு வைப்பதா என்று தோன்றியது. ஸ்டெல்லா எழுதிய தாளைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் திறந்தேன். நின்றிருந்த இரண்டு ஃபேன்களின் நடுவிலும் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். பம்ப் மூடிக்கும் வைத்தேன். ரேடியேட்டரின் மேல் ஒரு முழம் சாமந்தி சார்த்தினேன். சாம்பிராணி காட்டினேன். என் பேத்தி இதை வைத்துப் பெரிய ஆளாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பூவை எடுத்துவிட்டுக் கதவை மூடினேன். பூ கட்டிய வாழைநார் முழுசாக வந்ததா என்று பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு சத்தம் மாறியது. நெல் தூற்றுகிற சத்தத்துக்கு நடுவில் டிக், டிக் என்று ஒன்று. முதல் நாளே எனக்குக் கேட்டது. நிவேதாவுக்குக் கேட்கவில்லை. ஸ்டெல்லாவுக்கு ஃபோன் போட்டால், "கதவத் தொறந்தீங்களா?" என்று கேட்பாள். இத்தனை வயசில் அவளிடம் பேச்சு வாங்குவதா என்று விட்டுவிட்டேன். பதினைந்து இருபது நாள் அந்த டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசியில் கடலூரில் ஒரு பெரிய கல்யாணம். காலையில் முகூர்த்தம் எடுத்து, அதை மண்டபத்திலேயே படமாக்கி, மாலை வரவேற்பில் பெரிய திரையில் போட வேண்டும். நிவேதா தனியாகப் பிடித்த முதல் பெரிய வேலை. நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டரைக் காரில் வைத்துக் கொண்டுபோனோம். அந்தக் குலுக்கலில்தான் மிச்சமிருந்த நார் ஃபேனுக்குள் இறங்கியிருக்க வேண்டும். மத்தியானம் திரையில் சிவப்பு எழுத்து வந்தது. ஸ்டெல்லா சொன்னபடியே வந்தது. நிவேதா அவசரத்தில் அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்தாள். சிறிது நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. போட்டால் பத்து நிமிஷம் ஓடும், மறுபடி அணையும். ஆறு தடவை, ஏழு தடவை.

பெண்ணின் அப்பா மேடைக்குப் பின்னால் வந்து நின்றார். "ஏம்மா, படம் எங்க? சொந்தக்காரங்கல்லாம் வெள்ளத் துணியப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்காங்க."

நிவேதா அழுதாள். என் பேத்தி நாலு பேர் முன்னால் அழுததை நான் அதுவரை பார்த்ததில்லை. அங்கே வந்திருந்த நம் சங்கத்துக்காரர், அவர் பெயர் வேண்டாம், இதைப் படிக்கும்போது அவருக்கே தெரியும், "யாரு மாட்டுன மெஷினு இது?" என்று கேட்டார்.

நான் சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது, "முதுநகர் ஸ்டெல்லாதான். பழசப் போட்டு ஏமாத்திட்டா போலருக்கு."

"அதான! நான் அப்பவே சொன்னன்ல. மச்சான், கேட்டியா? அந்தப் பொம்பளதான்" என்று பக்கத்தில் இருந்தவரைத் தட்டினார். வரவேற்பு முடிவதற்குள் குரூப்பில் வந்துவிட்டது.

வேறொரு கடையில் கொடுத்து, ஃபேன்களை மாற்றினோம். கழற்றிய இரண்டையும் ஒரு மஞ்சள் கவரில் போட்டுத் தந்தார்கள். வீட்டில் யாரும் இல்லாதபோது பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் சந்தனம் காய்ந்து பாதி பெயர்ந்து ஒரு பக்கமாக இருந்தது. இன்னொன்றில் சந்தனத்தோடு வாழைநார் அச்சைச் சுற்றி இறுகியிருந்தது, தாலிக்கயிறு முடிச்சு மாதிரி. கடையில் பீரோவுக்குள் பழைய ஆல்பங்களுக்கு அடியில் கவரை வைத்துப் பூட்டினேன்.

ஒரு வாரம் கழித்து ஸ்டெல்லா பஸ் பிடித்து வந்தாள். காலை பதினோரு மணி இருக்கும். அந்தச் சங்கத்துக்காரரும் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை.

"அம்மா, அந்த ஃபேன் ரெண்டையும் ஒரு தடவ பாக்கணும். பாத்தா என்னாச்சின்னு சொல்லிடுவேன்."

"குப்பையில போட்டாச்சே."

பீரோ அவளுக்குப் பின்னால் நான்கடி தூரத்தில் இருந்தது.

"கதவத் தொறந்தீங்களாம்மா?"

"நாங்க எதுக்குத் தொறக்கறோம்?"

அவள் பெட்டிக்கு முன்னால் குனிந்து கதவைக் கழற்றினாள். அவள் ஒட்டிய தாள் அங்கேயே இருந்தது. தாளின் அடி ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு படிந்திருந்தது. விரலால் தொட்டு எடுத்தாள். கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. அவள்தான் எடுத்தாள். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு கதவை மாட்டினாள்.

"சரிம்மா. வர்றேன்."

அவள் படி இறங்கியதும் சங்கத்துக்காரர், "பாத்தீங்களா, வாயில பதிலே இல்ல" என்றார். அவருக்கு இன்னொரு டீ சொன்னேன்.

அதன் பிறகு கடலூரிலும் சிதம்பரத்திலும் எந்த ஸ்டுடியோக்காரரும் அவளைக் கூப்பிடவில்லை. நீங்கள் கூப்பிடவில்லை. தை மாதம் கடையை மூடிவிட்டு மறுபடி சிப்காட்டுக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனாள். பஸ்ஸில் அவளை ஒரு தடவை பார்த்தேன். அவள் பார்ப்பதற்குள் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடக்கத்துக்குப் போனேன். முதுநகரில் அவள் தெரு முனையில் பெரிய பேனர் கட்டியிருந்தீர்கள். "கணினித் துறையின் முடிசூடா அரசி" என்று போட்டிருந்தது. உயிரோடு இருந்தபோது பொம்பளை என்றுதான் பேச்சு. கல்லறைக்குப் போய் எல்லோரும் திரும்பிய பிறகு அவள் கணவர் ஆரோக்கியத்திடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அழுதுகொண்டே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அழுகை வரவில்லை.

அவர் நாற்காலியை மடக்கிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "அவளுக்குத் தெரியும்மா. அன்னைக்கே வந்து சொன்னா. 'அந்தம்மா உள்ள தொறந்து சாமி கும்புட்டுருக்காங்க. பூ நாரு எதாவது மாட்டிருக்கும்'னா. அப்ப அங்கயே சொல்லவேண்டியதுதானன்னு நான் கத்துனேன். 'எப்படிச் சொல்றது? சந்தனம் வச்சதாலதான் கெட்டுச்சின்னு சர்ச்சுக்குப் போற ஒரு வேதக்காரி சொல்றான்னு நாளைக்கு மேல வீதி பூரா வேற பேச்சாயிடும். பழி ஃபேன் மேலயே இருந்துட்டுப் போவட்டும்'னா."

பேனரில் இடமிருந்தால் இதை அவளுடைய பெருந்தன்மை என்று ஒரு வரி எழுதியிருப்பீர்கள். எழுதாதீர்கள். உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் இருந்தது, இடம் இல்லை. அந்த இடத்தை அடைத்துக்கொண்டு டீ சொல்லி உட்கார்ந்திருந்தவள் நான்.

கையோடு கொண்டுபோயிருந்த மஞ்சள் கவரை அவரிடம் நீட்டினேன். பிரித்துப் பார்த்தார். நார் சுற்றிய ஃபேனைக் கையில் எடுத்து, திரும்ப உள்ளே போட்டார். "இத வச்சிக்கிட்டு நான் என்னம்மா பண்றது? நீங்களே கொண்டு போங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நிவேதாவிடம் சொன்னபோது அவள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். மூன்றாம் நாள் வந்து, "அந்தச் செவப்பு எழுத்த நான்தான் ஆயா மூடுனேன். கல்யாணத்துக்கு அப்புறம் அக்கா எனக்கு நாலு தடவ ஃபோன் பண்ணாங்க. நான் எடுக்கல" என்றாள். அவளைப் பற்றி ஊருக்கெல்லாம் பெருமை பேசுகிறேனே, இதையும் எழுது என்று அவள்தான் சொன்னாள்.

ஸ்டெல்லா இரண்டு ஃபேன்கள் போட்டாள். நல்ல ஃபேன்கள், சரியான இடத்தில், சரியான வேகத்தில். நார் சுற்றாத ஃபேனை நிவேதா துடைத்து, மறுபடி மாட்டினாள். ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. அந்த நெல் தூற்றும் சத்தம் திரும்பிவிட்டது. பகல் முழுக்க நான் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்று கல்லாவுக்குப் பக்கத்தில், காமிராக்கள் வைக்கும் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. சந்தனத்தைத் துடைக்கவில்லை. பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்கிறார்கள், சொல்கிறேன். கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். ஆனால் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான், இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர்கள். கடைக்கு வாருங்கள். அலமாரியைத் திறந்து தருகிறேன். அந்த ஃபேனை விரலால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். சுற்றாது.